அஸ்தமனத்துக்கு முன்னாடியே இறங்கிடுங்க

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு குஜராத்தில் கட்ச் போகிறோம், மொத்தம் ஒன்பது பேர். அம்மாவுக்கு 67 வயது, போன வருஷம் வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மாமனாருக்கு 71, சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின். கொழுந்தனார் மனைவி நாலு மாதக் கர்ப்பிணி. எங்கள் பையன்களுக்கு 11, 8 வயது. கொழுந்தனார் பெண்ணுக்கு 4. பௌர்ணமி அன்று தோர்டோவில் வெள்ளை ரண் என்ற உப்புப் பாலைவனம், மறுநாள் சாயங்காலம் மாண்டவிக் கடற்கரையில் 'அஸ்தமன ஒட்டகச் சவாரி, உள்ளூர் உணவு, பானங்களுடன், 3 மணி நேரம்' என்று ஒரு பேக்கேஜ் பார்த்து வைத்திருக்கிறோம். எல்லோரும் ஏறலாமா? ஒட்டகம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? 'பானங்கள்' என்றால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்கச் சொன்னார்.
பெயர் வேண்டாம், காங்கேயம்.

பதில்: வணக்கம்ங்க. கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குஜராத் 1960இல் தனி மாநிலமான நாளிலிருந்தே மதுவிலக்கு உள்ள ஊர். வெளிமாநிலத்தார் அனுமதிச்சீட்டு எடுத்து, உரிமம் உள்ள கடையில் வாங்கலாம். ஆனால் கடற்கரையில் உட்கார்ந்து குடித்தால் குற்றம். அந்த விளம்பரத்தில் உள்ள பானங்கள் என்பது மோர், டீ, கரும்புச்சாறு, இளநீர், சில இடங்களில் ஒட்டகப்பால். வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இனி சவாரி. மூன்று மணி நேரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மூன்று மணி நேரமும் ஒட்டகத்தின் மேல் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி யாராவது ஏற்றினாலும் ஏறக்கூடாது. பழக்கமில்லாத இடுப்புக்கும் உள்தொடைக்கும் அரை மணி நேரம் போதும், முக்கால் மணி நேரம் அதிகம். பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது, 'மூன்று மணியில் முதுகில் இருப்பது எத்தனை நிமிடம், ஒன்பது பேருக்கு எத்தனை ஒட்டகம்' என்பதுதான். இரண்டே ஒட்டகம் என்றால், நீங்கள் வரிசையில் நின்று மாறி மாறி ஏறி, கடைசி ஆள் இறங்கும்போது இருட்டிவிடும்.

இருட்டுவது எப்போது? டிசம்பர் கடைசியில் மாண்டவியில் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.10க்கு. நம்ம ஊரிலும் அப்போது கிட்டத்தட்ட அதே நேரம்தான் என்பதால் குழப்பம் இருக்காது. (மே மாதம் போனால் ஏழரை ஆகிவிடும்.) அந்தக் கடற்கரை தெற்கும் தென்மேற்கும் பார்த்தது. குளிர்காலத்தில் சூரியன் மேற்கிலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளி இறங்குவதால் நேராகக் கடலுக்குள்ளேயே போகும். ஆக, நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் சரி.

சவாரியை 5.15க்குத் தொடங்கி 5.50க்குள் எல்லோரும் தரையில் இருக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். விளம்பரப் படத்தில் ஒட்டகத்தின் மேல் ஆள், பின்னால் பாதிச் சூரியன் என்று இருக்கும். அந்தப் படம் எடுக்கக் கீழே ஒருவர் நிற்க வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. மேலே இருப்பவருக்கு, எதிர்வெயிலில் கண் கூசுவதும் முன்னால் போகும் ஒட்டகத்தின் பின்புறமும்தான் தெரியும். அதைவிட முக்கியம், விழுகிறவர்களில் பெரும்பாலோர் நடக்கும்போது விழுவதில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். மங்கலான வெளிச்சத்தில், சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் நெரிசலில், பக்கத்தில் நாலு சக்கர மணல் வண்டி உறுமும்போது ஒட்டகத்தை உட்காரவைத்து இறங்குவது நல்ல வேலை இல்லை. இறங்கி, மணலில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து அஸ்தமனத்தைப் பாருங்கள். மாண்டவியில் காற்றாலைகள் இருக்கும் கரையில் கூட்டம், குதிரை, பாராசெயிலிங் எல்லாம் உண்டு. கூட்டத்தை விட்டு ஒரு அரைக் கிலோமீட்டராவது தள்ளிப்போய் ஏற்றச் சொல்லுங்கள்.

காங்கேயத்துக்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி. மாடு எப்படி எழும் என்று பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் முதலில் தூக்கும், முன்கால் பிறகு. ஒட்டகமும் அப்படித்தான், ஆனால் முதுகில் நீங்கள் இருப்பீர்கள், தரை ஏறக்குறைய ஏழடிக்குக் கீழே இருக்கும். முன்முழங்காலில் கொஞ்சம் எம்பும், உடனே பின்கால் இரண்டும் நிமிரும். அந்த நொடியில் நீங்கள் அதன் கழுத்துப் பக்கம் சரிவீர்கள். அடுத்து முன்கால் நிமிர்ந்ததும் பின்னால் தள்ளும். ஆகவே எழும்போது முதலில் நன்றாகப் பின்னால் சாய்ந்து, கையை நீட்டி, சேணத்தின் முன்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்பக்கம் தூக்கி முடிந்ததும் நேராகிவிடலாம். உட்காரும்போது முன்கால் முதலில் மடியும், தூக்கிப்போடுவது இன்னும் வேகமாக இருக்கும். அங்கேயும் பின்னால் சாய்வதுதான். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு வீடியோ எடுப்பவர்தான் விழுவார். இடுப்பையும் பாதத்தையும் தளர்வாக விடுங்கள். ஒட்டகம் ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்தே எடுத்துவைப்பதால் உடல் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்துக்கு எதிராக விறைத்து உட்கார்ந்தால் மறுநாள் முதுகு பேசும்.

ஏறும் விநாடியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. காலைத் தூக்கிப் போட்டதுமே சில ஒட்டகங்கள் எழத் தொடங்கிவிடும். நீங்கள் உட்கார்ந்து, பிடியைப் பிடித்து, 'சரி' என்று சொல்லும்வரை ஒட்டகக்காரர் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து அதன் தலைப்பக்கம் நிற்க வேண்டும். தூரத்திலிருந்து சத்தம் கொடுத்து எழுப்புகிறவரிடம் ஏறாதீர்கள்.

இப்போது யார் யார் ஏறலாம்?

அம்மா வேண்டாம். மாற்றிய மூட்டு நடக்க, உட்கார ஒத்துழைக்கும். ஆனால் அகலமான சேணத்தின் மேல் காலைத் தூக்கிச் சுற்றிப் போடுவதும், இறங்கும்போது மணலில் ஒற்றைக்காலில் ஊன்றுவதும் வேறு கணக்கு. வழுக்கி விழுந்தால் மாற்றிய மூட்டை ஒட்டிய எலும்பு உடைவது பெரிய சிக்கல். ஆனால் அவரை வெறுமனே உட்காரவைக்கவும் வேண்டாம். தோர்டோவில் வெள்ளை ரண்ணுக்குள் போக ஒட்டக வண்டி ஓடுகிறது. நம்ம மாட்டுவண்டி போலத்தான், மேடையில் காலை நீட்டி உட்காரலாம். ஏற ஒரு முக்காலி கேளுங்கள். அம்மாவின் ஒட்டகச் சவாரி அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கொழுந்தனார் மனைவி எந்த மாதமானாலும் ஏறக்கூடாது. வயிற்றில் அடி, விழுகை என்ற இரண்டு காரணமும் போதும். வண்டியிலும் குலுக்கல் இருக்கும், அவருடைய டாக்டர் சரி என்றால் மட்டும்.

நாலு வயதுக் குழந்தையைத் தனியாக ஏற்றக்கூடாது. பெரியவர் மடியில் என்றால் அந்தப் பெரியவருக்குப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். என்னைக் கேட்டால், உட்கார்ந்திருக்கும் ஒட்டகத்தின் மேல் ஏற்றி ஒரு படம், அதோடு இறக்கிவிடுவது. அந்த ஒரு நிமிடமும் ஒட்டகக்காரர் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பையன் அப்பாவோடு, அப்பாவுக்கு முன்னால். பின்னால் இருப்பவர் எழும்போது கையை மடக்கினால் பையன் மேலேயே சரிவார், அதனால் கை நீண்டே இருக்கட்டும். பதினொரு வயதுக்காரன் தனியாக உட்காரலாம், கால் மிதியில் எட்டினால். எட்டவில்லையென்றால் கயிற்றைச் சுருக்கச் சொல்லுங்கள்.

மாமனாருக்கு முதுகுவலி, தலைச்சுற்றல், அண்மையில் கண்புரை அறுவை, ரத்தம் இளக்கும் மாத்திரை ஆகியவற்றில் ஒன்றும் இல்லையென்றால் இருபது நிமிடம் போகலாம். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மணலில் வெறுங்காலோடு நடக்கவிடாதீர்கள், சிப்பி குத்தியது இரவு செருப்பைக் கழற்றும்போதுதான் தெரியும். சாயங்கால இன்சுலினைக் கடற்கரைக்குக் கிளம்பும் முன் போட்டுவிடும் தவறும் நடக்கிறது. 'ஏழு மணிக்குச் சாப்பாடு' என்பது எட்டரையும் ஆகலாம். தட்டு கண்ணெதிரே வந்த பிறகு போடுவதா, அளவு மாற்றுவதா என்று கிளம்பும் முன்பே அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் நாலு பிஸ்கட், கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். இன்சுலினைப் பூட்டிய காரில் விடக்கூடாது.

ஒட்டகத்தைப் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். காளையின் திமிலைப் பார்த்து அதன் தீனியைச் சொல்லும் ஊர் உங்களுடையது. இங்கேயும் அதே கண்தான். திமில் நிமிர்ந்து கெட்டியாக இருந்தால் தீனி உண்டு. ஒரு பக்கம் துவண்டு சரிந்திருந்தால் இளைத்த ஒட்டகம். சேணத்துக்கு முன்னும் பின்னும், வயிற்றுக் கச்சை உரசும் இடத்திலும் முடி உதிர்ந்த வழுக்கை இருந்தால் பழைய தழும்பு, ஈரமாகவோ ரத்தமாகவோ இருந்தால் ஆறாத புண். வண்டிமாட்டுக்கு நுகத்தடியில் கழுத்துப்புண் மாதிரி. புண்ணின் மேல் சேணம் வைத்த ஒட்டகம் வலி தாங்காமல் எந்த நேரத்திலும் உட்காரும் அல்லது துள்ளும். அதற்காகவும் மறுக்கலாம், பாவத்துக்காகவும் மறுக்கலாம். ஒட்டகத்துக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. மூக்கில் ஒரு கட்டை ஆணி, அதில் மெல்லிய கயிறு. அந்த இடத்தில் சீழோ ரத்தமோ இருக்கக்கூடாது. தோல் தடித்துச் சொரிந்துகொண்டே இருந்தால் சொறிநோய், அது ஆளுக்கும் தொற்றும். உட்காரச் சொன்னதும் அது கத்துவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒட்டகம் எல்லாவற்றுக்கும் முனகும்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. ஆண் ஒட்டகத்துக்குக் குளிர்காலம்தான் இணைசேரும் பருவம், ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை. மற்ற மாதங்களில் சாதுவாக இருந்த ஒட்டகம் அப்போது கடிக்கும், இன்னொரு ஆணைப் பார்த்தால் பாயும். அடையாளம் தெளிவானது. வாயிலிருந்து நுரை வழியும். களகளவென்று சத்தத்தோடு கடைவாயோரம் இளஞ்சிவப்பாக ஒரு பை பலூன் போல வெளியே தொங்கி உள்ளே போகும். பிடரியில், காதுக்குப் பின்னால், கறுப்பாக எண்ணெய்போல் கசிந்து முடி ஒட்டியிருக்கும். வாலை மூத்திரத்தில் நனைத்து முதுகில் அடித்துக்கொள்ளும், பல்லைக் கடிக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அந்த ஒட்டகம் வேண்டாம். முன்பதிவின்போதே 'பெண் ஒட்டகம் அல்லது காயடித்தது' என்று கேளுங்கள். குழந்தைகள் கையில் வைத்து ஊட்டுவதும் வேண்டாம்.

சேணத்தைப் பொறுத்தவரை, வயிற்றுக் கச்சைக்குள் உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும், அதைத் திருப்பிச் செங்குத்தாக நிறுத்த முடியக்கூடாது. திரும்பினால் தளர்வு, சேணம் பக்கவாட்டில் உருளும். வரிசையாகக் கட்டி அழைத்துப் போனால், பின் ஒட்டகத்தின் மூக்குக் கயிற்றை முன் ஒட்டகத்தின் சேணத்தில் தடித்த கயிற்றால் இறுக்கி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்படி இருந்தால் தவறு. இடையில் ஒரு துண்டுச் சணல் இருக்க வேண்டும். ஒரு ஒட்டகம் மிரண்டாலும் சணல் அறும், மூக்கு அறாது. கயிறு எதையும் உங்கள் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

சுமைக்கு 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதி ஒன்று உண்டு. பொதி சுமக்கும் ஒட்டகத்துக்கு உச்ச அளவு 250 கிலோ, ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இரண்டு பெரியவரும் சேணமும் சேர்ந்தால் 200 பக்கம் வரும், விதிப்படி சரி. ஆனாலும் ஒரு ஒட்டகத்துக்கு ஒரு பெரியவர் என்று கேளுங்கள், விலை கூடினாலும். மூன்று பேரை ஏற்றினால் இறங்கிவிடுங்கள். உங்கள் கணக்குப்படி ஏறப்போகிறவர் ஆறு பேர். எட்டு வயதுப் பையனை அப்பாவோடு சேர்த்தால் ஐந்து ஒட்டகம் போதும்.

பௌர்ணமிக்கு மறுநாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்ச் வளைகுடாவில் கடல் ஏறி வற்றுவது நம் கிழக்குக் கரையைவிட மிகப் பெரிது, மூன்று மீட்டருக்கு மேலும் போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அது உச்சம். வற்றியிருக்கும் நேரம் என்றால் கெட்டியான மணல் அகலமாகக் கிடக்கும், நடை சுகம். ஏறியிருந்தால் குறுகலான கரையில் கூட்டத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கும். ஏற்ற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரம் போனவர் அனுப்பிய படத்தை நம்ப முடியாது. 'அன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கடல் எந்த நிலையில் இருக்கும்' என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். ஒட்டகத்தின் அகலப் பாதம் மணலுக்கானது. வற்றிய பின் தெரியும் சேற்றிலும் பாசிப் பாறையிலும் வழுக்கும், அந்தப் பக்கம் போகவிடாதீர்கள்.

சேலை வேண்டாம், சுடிதார் பேண்ட் அல்லது தளர்ந்த பேண்ட். துப்பட்டாவை முடிந்து உள்ளே செருகுங்கள். சூரியன் இறங்கியதும் கடற்காற்று குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர்.

சாப்பாடு உங்களுக்கு அந்நியமாக இருக்காது. கம்பு ரொட்டியை அங்கே ரோட்லோ என்பார்கள். தடிமனாகத் தட்டி மண்சட்டியில் சுட்டு, மேலே நெய், பக்கத்தில் வெல்லம். கம்மஞ்சோறு தின்ற வயிறு அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். சுட்ட கத்திரிக்காயைப் பிசைந்து பூண்டோடு தாளித்த ஓளோ, கிச்சடி, கொஞ்சம் இனிப்பான மோர்க்குழம்பு போன்ற கடி, ஒரு லோட்டா மோர். அந்த ஊரிலும் கடலை எண்ணெய்தான் புழக்கம். மாண்டவி போனவர்கள் தாபேலி சாப்பிடாமல் திரும்பக்கூடாது. பிறந்த ஊரே அதுதான் என்பார்கள். பன்னுக்குள் மசாலா உருளைக்கிழங்கு, மாதுளை முத்து, வறுத்த கடலை, சேவு. சுடச்சுடக் கல்லில் திருப்பித் தருவதை வாங்குங்கள். சட்னித் தண்ணீரும் நறுக்கி வைத்த வெங்காயமும்தான் வயிற்றைக் கெடுக்கும், குழந்தைகளுக்கு அவை இல்லாமல் கேளுங்கள். குளிர்கால இனிப்பு அடதியா, உளுந்துமாவும் நெய்யும் பிசினும் போட்டது. நம் உளுந்தங்களிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். மாமனாருக்கு ஒரு விள்ளல் மட்டும். ரோட்லோ எத்தனை என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள், ஒன்றே நம் மூன்று சப்பாத்திக்குச் சமம்.

ஒட்டகப்பால் தந்தால் காய்ச்சியதா என்று கேளுங்கள். கறந்த சூட்டில் குடிப்பதுதான் மருந்து என்று சொல்லுவார்கள், கேட்காதீர்கள். புரூசெல்லோசிஸ் பச்சைப்பாலில் வரும் காய்ச்சல், மாதக்கணக்கில் படுத்தும். கர்ப்பிணிக்கு அது கருவையே பாதிக்கலாம். சர்க்கரைக்கு நல்லது என்ற பேச்சை நம்பி மாமனார் இன்சுலினைக் குறைக்கவும் கூடாது. முதல் முறை குடிப்பவர்கள் அரை டம்ளரோடு நிறுத்துங்கள், சிலருக்குப் பேதியாகும். நேரமும் முக்கியம். நாலு மணிக்குள் தாபேலி, டீயோடு நிறுத்தி, முழுச் சாப்பாட்டைச் சவாரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த வயிற்றோடு ஒட்டகத்தில் ஆடினால் குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். சமையல் எங்கே நடக்கிறது, கழிப்பறை எத்தனை தூரம் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். கர்ப்பிணியும் பெரியவர்களும் இருக்கும் கூட்டத்துக்கு இது சிறிய கேள்வி இல்லை.

பயண நேரம்: தோர்டோவிலிருந்து புஜ் 80 கிலோமீட்டர் சொச்சம், புஜ்ஜிலிருந்து மாண்டவி 60. சாப்பாட்டு நிறுத்தத்தோடு நாலு மணி நேரம் வையுங்கள். காலை பத்தரைக்காவது கிளம்பினால்தான் மாண்டவியில் ஓய்வெடுத்துவிட்டு ஐந்து மணிக்குக் கரையில் நிற்க முடியும். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டால் ருக்மாவதி ஆற்றங்கரையில் மரக்கப்பல் கட்டுவதைப் பையன்களுக்குக் காட்டுங்கள். மூன்று மாடி உயரத்துக்கு மரச்சட்டம் நிற்கும். இரண்டாவது முறை ஒட்டகம் ஏறுவதைவிட அது மேல்.

பணத்தில் பாதியை மட்டும் முன்கூட்டியே கட்டுங்கள். சவாரி நிமிடம், ஒட்டக எண்ணிக்கை, சாப்பாட்டுப் பட்டியல், கடல் ஏறியிருந்தால் என்ன செய்வார்கள் என்ற நாலையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறாத மூன்று பேருக்குச் சாப்பாட்டு விலை மட்டும் என்று பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அன்று இரவு மாண்டவியிலேயே தங்குங்கள், புஜ்ஜுக்கு ராத்திரிப் பயணம் வேண்டாம். மறுநாள் விடியலைப் பார்க்க ஐந்து மணிக்கே குழந்தைகளை எழுப்பிவிடாதீர்கள். அங்கே டிசம்பரில் சூரியன் எழுவது ஏழரைக்குத்தான்.